வைத்தியர் மகளும் வேண்டாமென்ற மாப்பிள்ளையும்: ஷேக்ஸ்பியரின் இன்பியல் நாடகத்தில் ஒரு கட்டாயக் கல்யாணம்

கல்யாணத்தில் முடிந்தால் இன்பியல், சாவில் முடிந்தால் துன்பியல். ஷேக்ஸ்பியர் நாடகங்களை வகை பிரிக்கக் கல்லூரியில் சொல்லித்தரும் எளிய கணக்கு இது. 'ஆல்ஸ் வெல் தட் எண்ட்ஸ் வெல்' இந்தக் கணக்கில் உட்காராது. இங்கே கல்யாணம் இரண்டாம் அங்கத்திலேயே நடந்துவிடுகிறது, அதுவும் மாப்பிள்ளை சபை நடுவே வேண்டாம் என்று சொன்ன பிறகு. மிச்சம் மூன்று அங்கமும் மனைவியை விட்டு ஓடுகிற ஒருவனையும், அவனை வளைத்துப் பிடிக்கிற ஒருத்தியையும் பற்றியவை. 'முடிவு நல்லதென்றால் எல்லாம் நல்லதே' என்பது தலைப்பின் பொருள். கடைசிக் காட்சி முடிந்து எழுந்திருப்பவர்களுக்கு, இதில் எதை நல்லது என்கிறார்கள் என்ற சந்தேகம் வருவது சகஜம்.

குழப்பத்துக்குக் காரணம், இரண்டு வேறு சிக்கல்களை நாம் ஒன்றாகப் பார்ப்பதுதான். பெண் வைத்தியர் மகள், பையன் பிரபு. இது அந்தஸ்துச் சிக்கல். பையனுக்கு அவளைப் பிடிக்கவில்லை. இது சம்மதச் சிக்கல். முதலாவதை அரசன் ஒரே பேச்சில் தீர்த்துவிடுகிறான். இரண்டாவதை நாடகத்தில் யாராலும் தீர்க்க முடியவில்லை. இதைத் தெளிவாகப் பார்க்க, அன்றைய இங்கிலாந்தின் பாதுகாவல் சட்டமும் கல்யாணச் சட்டமும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

கதை, சுருக்கமாக

1. ரூசியோன் பிரபு இறந்துவிட்டார். வயது நிரம்பாத மகன் பெர்ட்ரம் பட்டத்துக்கு வருகிறான். பிரான்ஸ் அரசனின் பொறுப்பில் பாரிஸுக்குப் போகிறான். அவன் வீட்டில் வளரும் ஹெலினா, சமீபத்தில் இறந்துபோன பெயர்பெற்ற வைத்தியர் ஒருவரின் மகள். அவளுக்கு அவன்மேல் காதல். அவன் அவளைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

2. அரசனுக்கு ஆறாத புரைப்புண். அரண்மனை வைத்தியர்கள் கைவிரித்துவிட்டார்கள். ஹெலினா அப்பா விட்டுப்போன மருந்துக் குறிப்போடு பாரிஸ் போகிறாள். இரண்டு நாளில் குணமாக்குகிறேன், முடியாவிட்டால் என் உயிரை எடுத்துக்கொள்ளுங்கள், குணமானால் நான் கேட்கிற மாப்பிள்ளையைத் தாருங்கள் என்பது அவள் ஒப்பந்தம்.

3. புண் ஆறுகிறது. அவள் பெர்ட்ரமைக் காட்டுகிறாள். அவன் மறுக்க, அரசன் மிரட்ட, அன்றைக்கே கல்யாணம். முதலிரவுக்கு முன்பே மனைவியை ஊருக்கு அனுப்பிவிட்டு அவன் ஃப்ளாரன்ஸ் போர்முனைக்கு ஓடிவிடுகிறான்.

4. அங்கிருந்து ஒரு கடிதம் வருகிறது. என் விரலை விட்டுக் கழலாத மோதிரத்தை நீ வாங்கி, என்னால் உனக்குப் பிறக்கும் குழந்தையையும் காட்டினால், அப்போது என்னைக் கணவன் என்று சொல். அந்த 'அப்போது' ஒருபோதும் வராது என்பது அதன் சாரம்.

5. ஹெலினா புனித யாத்திரை போகிறேன் என்று கிளம்பி ஃப்ளாரன்ஸில் வந்து நிற்கிறாள். பெர்ட்ரம் அங்கே டயானா என்ற ஏழை வீட்டுப் பெண்ணை வசப்படுத்தப் பார்க்கிறான். டயானாவோடும் அவள் விதவைத் தாயோடும் ஹெலினா கூட்டுச் சேர்கிறாள். இருட்டறையில் டயானா இருக்க வேண்டிய இடத்தில் ஹெலினா. மோதிரமும் கைமாறுகிறது, கர்ப்பமும் தரிக்கிறது.

6. ஹெலினா இறந்துவிட்டாள் என்ற செய்தி பரவி, பெர்ட்ரம் ஊர் திரும்பி வேறு கல்யாணத்துக்குத் தயாராகும்போது, அரசன் முன்னிலையில் எல்லாம் வெளியாகிறது.

'அம்மா' என்றதும் ஏன் பதறுகிறாள்

அந்தஸ்து என்ற விஷயம் முதலில் தலைகாட்டுவது அரண்மனையில் இல்லை, வீட்டுக்குள். பெர்ட்ரமின் தாயான கோமாட்டி, ஹெலினாவைக் கூப்பிட்டு, நான் உனக்கு அம்மா என்கிறார். பாசத்தோடுதான் சொல்கிறார். ஹெலினா பதறிப்போய், இல்லை, நீங்கள் என் எஜமானி என்கிறாள். கோமாட்டி விடுவதாக இல்லை. அம்மா என்று சொன்னதும் பாம்பைக் கண்டதுபோல் ஏன் துள்ளுகிறாய் என்று கேட்கிறார்.

ஆங்கிலப் பதிப்பாசிரியர்கள் இந்த இடத்துக்கு அடிக்குறிப்பு எழுதுகிறார்கள். தமிழ் வாசகருக்கு அது தேவைப்படாது. இவர் அம்மா என்றால் இவர் மகன் அண்ணன் முறை. முறை அப்படி விழுந்துவிட்டால் அப்புறம் கல்யாணப் பேச்சுக்கே இடமில்லை. அதனால் ஹெலினா அவசர அவசரமாக அந்தஸ்து வித்தியாசத்தைத் தூக்கிப் பிடிக்கிறாள்: அவர் பெரிய குலம், நான் எளிய இடம், அவர் எப்படி எனக்கு அண்ணன் ஆவார்? அவளை அவனிடமிருந்து பிரித்துவைக்கும் சுவர் எதுவோ, அதற்குப் பின்னாலேயே போய் ஒளிந்துகொள்கிறாள். கோமாட்டி சிரித்துக்கொண்டே, மருமகளாக வந்தும் என்னை அம்மா என்று கூப்பிடலாமே என்று வழி காட்டுகிறார்.

மாமியார் மருமகள் பக்கம் நிற்கும் அபூர்வ நாடகம் இது. பிற்பாடு மகன் ஓடிப்போன செய்தி வந்ததும், என் ரத்தத்திலிருந்து அவன் பெயரைக் கழுவிவிட்டேன் என்கிறார் இதே கோமாட்டி.

வைத்தியர் என்பவர் அன்றைய படிநிலையில் எங்கே இருந்தார்? கீழ்த்தட்டில் இல்லை. லண்டனில் வைத்தியர்களுக்கென 1518-இல் ஒரு கல்லூரி நிறுவப்பட்டது. படித்த வைத்தியருக்கு ஊரில் மரியாதை உண்டு. ஷேக்ஸ்பியரின் மூத்த மகள் சூசன்னா 1607-இல் மணந்தது ஜான் ஹால் என்ற வைத்தியரைத்தான். ஆனால் மரியாதை வேறு, பிரபுத்துவம் வேறு. வைத்தியர் கூலி வாங்கி வேலை செய்கிறவர். பிரபு நிலத்திலும் பட்டத்திலும் பிறந்தவர். இரண்டுக்கும் நடுவில் இருந்த தூரத்தை ஹெலினாவே சொல்கிறாள்: வானத்தில் தனித்து மின்னும் ஒரு நட்சத்திரத்தைக் காதலித்து, அதையே கட்டிக்கொள்ள நினைப்பது போன்றது தன் ஆசை என்கிறாள்.

வார்டு என்றால் என்ன

நாடகம் தொடங்கிச் சில வரிகளிலேயே பெர்ட்ரம் ஒரு முக்கியமான தகவலைச் சொல்கிறான்: நான் இப்போது அரசனின் வார்டு, அவர் கட்டளைக்கு எப்போதும் கீழ்ப்பட்டவன். ஆஸ்பத்திரி வார்டோ மாநகராட்சி வார்டோ இல்லை இது. தந்தையை இழந்து, இன்னொருவர் பாதுகாவலில் இருக்கும் வாரிசு என்று பொருள். கதை பிரான்ஸில் நடந்தாலும், பார்க்க வந்த லண்டன்காரர்களுக்கு இந்தச் சொல் கேட்டதும் தங்கள் ஊர் நடைமுறைதான் நினைவுக்கு வந்திருக்கும்.

அந்த நடைமுறை இப்படி. படைச்சேவை செய்யும் கடமையோடு அரசனிடம் நேரடியாக நிலம் பெற்றிருந்த ஒருவர் இறந்து, மகனுக்கு 21 வயது ஆகவில்லை என்றால், பையனும் நிலத்தின் வருமானமும் அரசன் பொறுப்புக்குப் போய்விடும். பையனுடைய கல்யாணத்தை முடிவுசெய்யும் உரிமையும் கூடவே போகும். இந்த உரிமையை அரசன் தானே வைத்துக்கொள்ளலாம், வேறு யாருக்காவது விற்கவும் செய்யலாம். ஆமாம், விற்கலாம். ஒரு பையனின் கல்யாணத்துக்குச் சந்தை விலை உண்டு. தன் மகளுக்கு நல்ல இடத்து மாப்பிள்ளை வேண்டும் என்கிற பணக்காரத் தகப்பன், அந்த உரிமையைக் காசு கொடுத்து வாங்கி, பையனைத் தன் வீட்டு மருமகனாக்கிக்கொள்ளலாம்.

இதை நிர்வகிக்க 1540-இல் தனி நீதிமன்றமே அமைத்தார்கள். எலிசபெத் காலத்தில் 1561 முதல் 1598 வரை அதன் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் வில்லியம் செசில், அதாவது பர்லி பிரபு. பிறகு அவர் மகன் ராபர்ட் செசில். 1604-இல் நாடாளுமன்றத்தின் காமன்ஸ் சபை இந்த முறையை ஒழிக்க ஒரு வழி கேட்டுப் பார்த்தது, நடக்கவில்லை. 1646-இல் நாடாளுமன்றம் ரத்துசெய்து, 1660-இல் சட்டமாக உறுதிசெய்த பிறகுதான் அது ஒழிந்தது. நாடகம் எழுதப்பட்டது 1600-களின் முதல் சில ஆண்டுகளில் என்பது பரவலான கருத்து. அதாவது, இந்த வழக்கம்மீது வெறுப்பு கூடிக்கொண்டிருந்த நேரத்தில்.

சட்டத்தில் இருந்த ஒரே கதவு

பாதுகாவலருக்கு இவ்வளவு அதிகாரம் இருந்தும், ஒரு வரம்பு உண்டு. வார்டைத் தகுதிக்குக் கீழான இடத்தில் கட்டிக்கொடுக்கக் கூடாது. 1215-ஆம் ஆண்டின் உரிமைச் சாசனமான மாக்னா கார்ட்டாவிலேயே இது இருக்கிறது. 1230-களில் வந்த மெர்ட்டன் சட்டம் இன்னும் வெளிப்படையாகப் பேசுகிறது: வயது நிரம்பாத வார்டைப் பண்ணை அடிமைக்கோ, நகரத்து வணிகர் குடும்பத்துக்கோ கட்டிவைத்தால், அந்தப் பாதுகாவலர் தன் உரிமையை இழப்பார். அதே சட்டம் இன்னொன்றும் சொல்கிறது. தகுதியான இடத்தை வார்டு மறுத்தால், அந்தக் கல்யாணத்துக்கு என்ன விலையோ அதை அபராதமாகக் கட்ட வேண்டும். பாதுகாவலரை மீறி வேறிடத்தில் செய்துகொண்டால் இரண்டு மடங்கு.

இப்போது பெர்ட்ரமின் நிலையைப் பாருங்கள். அவனைத் திமிர்பிடித்தவன் என்று சொல்லிவிடுவது சுலபம். திமிர் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் 'இவள் என் தகுதிக்குக் கீழ்' என்பது வெறும் வசைச்சொல் இல்லை. அவன் நிலையில் இருந்த ஒரு பையனுக்குச் சட்டம் விட்டுவைத்திருந்த ஒரே மறுப்பு அதுதான். 'பிடிக்கவில்லை' என்பதற்கு அபராதம் உண்டு. 'சமமில்லை' என்பதற்கு இல்லை.

சபை நடுவே

இரண்டாம் அங்கத்தின் தேர்வுக் காட்சியை நிதானமாகப் படிக்க வேண்டும். சுயம்வரம் போலத்தான் இருக்கிறது. இளம் பிரபுக்கள் வரிசையாக நிற்க, ஹெலினா ஒவ்வொருவராகக் கடந்து போகிறாள். அரச ரத்தம் எதையும் கேட்க மாட்டேன் என்று ஒப்பந்தத்தின்போதே சொல்லியிருந்தாள். தன் எல்லை அவளுக்குத் தெரியும். பெர்ட்ரமிடம் வந்ததும், உங்களை எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லத் துணியவில்லை, என்னையும் என் சேவையையும் உங்களுக்குத் தருகிறேன் என்கிறாள். அரசன் உடனே, எடுத்துக்கொள் பெர்ட்ரம், இவள் உன் மனைவி என்கிறான்.

பெர்ட்ரம் மூன்று காரணங்கள் சொல்கிறான், இந்த வரிசையில்.

1. இந்த மாதிரி விஷயத்தில் என் சொந்தக் கண்ணால் பார்க்க அனுமதி தாருங்கள்.

2. அவள் உங்களைப் படுக்கையிலிருந்து தூக்கிவிட்டாள், சரி. அதற்காக என்னைக் கீழே இறக்க வேண்டுமா?

3. அவளை எனக்கு நன்றாகத் தெரியும். என் தந்தை செலவில் வளர்ந்தவள். ஏழை வைத்தியர் மகள் எனக்கு மனைவியா!

நம் பேச்சில் சொன்னால் மூன்றாவது, 'எங்கள் வீட்டுச் சோற்றில் வளர்ந்தவள்' என்கிற தொனி. கேட்பவர் காதில் அதுதான் தைக்கும். அதனால் முதல் இரண்டும் மறந்துபோகின்றன. அரசனும் அவற்றை மறந்துவிடுகிறான். அவன் நீண்ட பதில் முழுவதும் மூன்றாவதுக்கு மட்டும்தான்.

பதில் என்னவோ அழகானது. நம் எல்லோருடைய ரத்தத்தையும் ஒரே பாத்திரத்தில் ஊற்றினால் நிறத்திலோ எடையிலோ சூட்டிலோ வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது, பிறகு எதற்கு இந்தப் பெரிய பிரிவினை என்று கேட்கிறான். அவளிடம் நீ வெறுப்பது பட்டம் இல்லை என்பதைத்தானே, பட்டத்தை நான் தருகிறேன் என்கிறான். நற்குணமும் அவளும் அவளுடைய சீதனம்; கௌரவமும் செல்வமும் என் பொறுப்பு.

பிறப்பால் உயர்வில்லை என்று ஓர் அரசன் வாயாலேயே சொல்லவைத்த இந்த இடத்தை முற்போக்கான பேச்சு என்று மேற்கோள் காட்டுவார்கள். நான் முழுதாக ஒத்துக்கொள்ள மாட்டேன். ரத்தத்தில் வித்தியாசமில்லை என்று தொடங்கியவன், பட்டத்தை நான் போட்டுத் தருகிறேன் என்று முடிக்கிறான். பட்டத்துக்கு மதிப்பே இல்லை என்றால் எதற்குத் தர வேண்டும்? காரணம் சட்டத்தில் இருக்கிறது. அவளுக்குப் பட்டம் வந்துவிட்டால் 'சமமில்லை' என்ற மறுப்பு செத்துப்போகும். பையனுக்கு இருந்த ஒரே கதவையும் அரசன் அழகான பேச்சோடு சாத்துகிறான்.

கதவு சாத்தியதும் பெர்ட்ரம் கடைசியாக உண்மையைச் சொல்கிறான்: என்னால் அவளைக் காதலிக்க முடியாது, முயலவும் மாட்டேன். ஹெலினா அந்த நொடியில், நீங்கள் குணமானதே சந்தோஷம், மற்றதை விட்டுவிடுங்கள் என்று பின்வாங்கப் பார்க்கிறாள். அரசன் விடவில்லை. இப்போது பணயத்தில் இருப்பது அவன் மானம். என் அதிகாரத்தைக் காட்ட வேண்டியிருக்கும் என்று மிரட்டுகிறான். பெர்ட்ரம் பணிகிறான்: சற்று முன்பு மிகத் தாழ்ந்தவளாகத் தெரிந்தவள், அரசர் புகழ்ந்ததால் இப்போது அப்படியே பிறந்தவள் போல ஆகிவிட்டாள் என்கிறான். பணிவா, குத்தலா என்பது நடிகர் கையில் இருக்கிறது.

இது கற்பனை மட்டுமில்லை

அன்றைய லண்டனில் இதற்கு நிஜ உதாரணங்கள் இருந்தன. ஆக்ஸ்ஃபோர்டு பிரபு எட்வர்டு த வெர், 1562-இல் தந்தை இறந்து செசில் வீட்டில் வார்டாக வளர்ந்தவர். 1571 டிசம்பரில் செசிலின் மகள் ஆன் என்பவரை மணந்தார். அதே ஆண்டு பிப்ரவரியில்தான் அரசி செசிலைப் பர்லி பிரபுவாக உயர்த்தியிருந்தார். மாமனாருக்குப் பட்டம் வந்து பத்தே மாதத்தில் சம்பந்தம். இத்தாலிப் பயணம் முடிந்து 1576-இல் திரும்பிய ஆக்ஸ்ஃபோர்டு, மனைவியோடு சேர்ந்து வாழாமல் பல வருடம் ஒதுங்கியிருந்தார்.

இன்னொன்று ஷேக்ஸ்பியருக்கு மிக அருகில் நடந்தது. சவுத்தாம்ப்டன் பிரபு ஹென்றி ரையத்ஸ்லி 1581-இல் தந்தையை இழந்து பர்லியின் பொறுப்புக்கு வந்தவர். பர்லி தன் பேத்தி எலிசபெத் த வெரை அவருக்குக் கட்டிவைக்கப் பார்த்தார். மேலே சொன்ன ஆக்ஸ்ஃபோர்டின் மகள்தான் அவள். சவுத்தாம்ப்டன் மறுத்துவிட்டார். அதற்காக 5,000 பவுண்டு கட்ட நேர்ந்தது என்று 1594-இல் எழுதப்பட்ட ஒரு கடிதம் சொல்கிறது. ஷேக்ஸ்பியர் 1593-லும் 1594-லும் தன் இரண்டு நெடுங்கவிதைகளைக் காணிக்கையாக்கியது இந்தச் சவுத்தாம்ப்டனுக்குத்தான். பெர்ட்ரமாக அவரைத்தான் வரைந்தார் என்று சொல்ல ஆதாரமில்லை. ஆனால், பெரிய இடத்துப் பையன் ஒருவன் பாதுகாவலர் காட்டிய பெண்ணை வேண்டாமென்று சொன்னால் என்ன ஆகும் என்பது அவருக்குக் கேள்விப்பட்ட விஷயமாக இருந்திருக்கும்.

மூலக்கதையில் ஏழ்மை இல்லை

கதை ஷேக்ஸ்பியருடைய சொந்தச் சரக்கில்லை. 14-ஆம் நூற்றாண்டு இத்தாலியர் பொக்காச்சியோவின் 'டெக்கமரான்' தொகுப்பில், மூன்றாம் நாளின் ஒன்பதாம் கதை இது. வில்லியம் பெயின்ட்டர் 1560-களில் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். மூலத்தில் நாயகி ஜிலெட்டா வைத்தியர் மகள்தான், ஆனால் பணக்காரி. பெண்கேட்டு வருகிறவர்களையெல்லாம் திருப்பி அனுப்புகிறவள். கணவன் ஓடிப்போனதும் அவன் சொத்தைத் திறமையாக நிர்வகிக்கிறாள். பணத்தை அவளிடமிருந்து பறித்து ஏழையாக்கியது ஷேக்ஸ்பியர். கோமாட்டியும், லஃப்யூ என்ற கிழப் பிரபுவும், பரோலஸ் என்ற வாய்ச்சவடால் வீரனும் அவர் சேர்த்தவர்கள்.

பரோலஸ் பற்றி ஒரு வார்த்தை. உடம்பெல்லாம் கைக்குட்டையும் பட்டையும் கட்டிக்கொண்டு படைத்தலைவனாகத் திரிகிறவன். சொந்தப் படைக்காரர்களே அவன் கண்ணைக் கட்டி, புரியாத பாஷை பேசி எதிரிகள் போல நடித்ததும், எல்லா ரகசியத்தையும் கக்கிவிடுகிறான். உடையால் வந்த அந்தஸ்து அதோடு கழன்றுவிழுகிறது. நாடகத்தில் நிஜமாகச் சிரிப்பு வருவது இவன் வரும் இடங்களில்தான்.

கல்யாணம் செல்லுமா

இரண்டாவது சட்டக் கேள்வி இது. 1753-இல் புதிய சட்டம் வரும்வரை இங்கிலாந்தில் கல்யாணத்துக்கு அடிப்படை, இருவரும் வாயால் சொல்லும் சம்மதம்.

1. 'உன்னை இப்போது மனைவியாக ஏற்கிறேன்' என்று நிகழ்காலத்தில் சொன்னால், அந்த நிமிடமே கட்டுப்பாடு வந்துவிடும்.

2. 'உன்னை மணப்பேன்' என்று எதிர்காலத்தில் சொல்லிவிட்டு உடலுறவும் நடந்தால், அதுவும் கல்யாணமே.

3. அச்சுறுத்தலால் வாங்கிய சம்மதம் செல்லாது என்று வாதாடலாம். ஆனால் பிறகு தானாகச் சேர்ந்து வாழ்ந்தால் அந்த வாதம் போய்விடும்.

பெர்ட்ரம் அரசன் முன்னால் 'அவள் கையை ஏற்கிறேன்' என்று சொல்லிவிட்டான். மிரட்டலில் சொன்னதுதான், ஆனாலும் சொல்லியாகிவிட்டது. அவனுக்கு மிச்சமிருப்பது உடலைத் தராமல் இருப்பது. அம்மாவுக்கு எழுதும் கடிதத்தில், மணந்தேன், சேரவில்லை, அந்த 'இல்லை'யை நிரந்தரமாக்கச் சபதம் செய்திருக்கிறேன் என்கிறான். ஆங்கிலத்தில் 'இல்லை'யும் 'முடிச்சு'ம் ஒரே ஒலி. தாலிக்கயிற்றை முடிச்சு என்று சொல்லிப் பழகிய நமக்கும் அந்தச் சிலேடை சட்டென்று பிடிபடும். சேராத கல்யாணத்தைக் கலைக்க கத்தோலிக்கச் சபைச் சட்டத்தில் வழியுண்டு, சேர்ந்தபின் இல்லை. அவனுடைய கடித நிபந்தனைகள் கோபத்தில் எழுதியவை போலத் தெரிந்தாலும் உள்ளே ஒரு கணக்கு இருக்கிறது.

ஹெலினா அந்தக் கணக்கைத்தான் முறியடிக்கிறாள்.

மோதிரமும் இருட்டறையும்

ஃப்ளாரன்ஸில் டயானா பெர்ட்ரமின் குடும்ப மோதிரத்தைக் கேட்கிறாள். அவன் தயங்குகிறான். இது எங்கள் குலத்தின் கௌரவம், முன்னோர்களிடமிருந்து வழிவழியாக வந்தது, இதை இழப்பது உலகத்திலேயே பெரிய அவமானம் என்கிறான். டயானா அவன் சொற்களை அப்படியே எடுத்துத் திருப்பிக் கொடுக்கிறாள்: என் கற்பும் அப்படித்தான், எங்கள் குலத்தின் நகை, முன்னோர்களிடமிருந்து வழிவழியாக வந்தது, இதை இழப்பது உலகத்திலேயே பெரிய அவமானம். வைத்தியர் மகளைத் தாழ்ந்தவள் என்றவன், நொடித்துப்போன ஒரு வீட்டுப் பெண்ணிடம் குலப்பெருமையில் தோற்று, மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்துவிடுகிறான். நாடகத்தில் அந்தஸ்து பற்றிய ஆகக் கூர்மையான இடம் அரசனின் பேச்சைவிட இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதன்பின் இருட்டறை. ஆங்கில விமர்சகர்கள் இதைப் 'படுக்கைத் தந்திரம்' என்று அழைப்பார்கள். ஆள் மாறியது தெரியாமல் ஒருவனைத் தன் மனைவியோடு அல்லது காதலியோடு சேரவைப்பது. ஏறக்குறைய அதே காலத்தில் எழுதிய 'மெஷர் ஃபார் மெஷர்' நாடகத்திலும் ஷேக்ஸ்பியர் இதையே கையாண்டார். சட்டப்படி பார்த்தால் கணவனும் மனைவியும் சேர்ந்தார்கள், பாவமில்லை. ஆனால் அவன் மனத்தில் செய்தது துரோகம். ஹெலினாவுக்கே இந்த முரண் தெரியும்: நியாயமான செயலில் கெட்ட எண்ணம், இருவரும் பாவம் செய்யவில்லை, ஆனாலும் நடந்தது பாவம் என்று புதிராகச் சொல்கிறாள்.

இன்றைய பார்வையாளரை நெளியவைப்பதும் இந்த இடம்தான். வாயால் சொன்ன சம்மதம் மிரட்டி வாங்கியது, உடலின் சம்மதம் ஏமாற்றி வாங்கியது. ஆணும் பெண்ணும் இடம் மாறியிருந்தால் இதை யாரும் இன்பியல் என்று அழைக்க மாட்டார்கள். கட்டாயக் கல்யாணக் கதைகளில் அழுதுகொண்டு நிற்பது பெரும்பாலும் பெண்தான் என்பதால், ஆண் அந்த இடத்தில் நிற்கும்போது நமக்குப் பார்க்கத் தெரிவதில்லை. அதே சமயம், டயானாவை ஏமாற்ற அவன் போட்ட திட்டத்தையும், அரசன் முன்னால் அவளைப் பற்றி அவன் சொல்லும் அசிங்கமான பொய்களையும் பார்த்தபின், அவனுக்காக வருத்தப்படுவதும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

பெர்ட்ரம் விஷயத்தில் விமர்சகர்கள் இரண்டாகப் பிரிந்ததில் வியப்பில்லை. 18-ஆம் நூற்றாண்டில் சாமுவேல் ஜான்சன், இவனோடு என் மனம் ஒத்துப்போகவில்லை, கோழையாக மணந்து ஒழுக்கங்கெட்டவனாகக் கைவிட்டவன் என்று எழுதினார். அடுத்த நூற்றாண்டில் கோல்ரிட்ஜ் அவனுக்காகப் பரிந்து பேசினார்: ஹெலினாவைக் கட்டச் சொன்ன அரசனின் செயல் அந்தப் பையனுக்குக் கொடுங்கோன்மையாகத் தெரிந்தது நியாயம் என்றார். 1896-இல் எஃப். எஸ். போவாஸ் இதையும் வேறு சிலவற்றையும் சேர்த்து 'சிக்கல் நாடகங்கள்' என்று பெயர் வைத்தார். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. மேடையில் நடந்ததற்கு முதல் உறுதியான பதிவே 1741-இல்தான் கிடைக்கிறது. 20-ஆம் நூற்றாண்டில்தான் இதற்கு மேடை வாழ்வு வந்தது. 1953-இல் கனடாவின் ஸ்ட்ராட்ஃபோர்டு விழா தொடங்கியபோது முதலில் போட்ட இரண்டு நாடகங்களில் இது ஒன்று. அரசனாக அலெக் கின்னஸ்.

அந்தக் கடைசிக் காட்சி

எல்லாம் வெளியானதும் பெர்ட்ரம் சொல்லும் பதிலைக் கவனிக்க வேண்டும். 'இவள் இதை எனக்குத் தெளிவாக விளக்க முடிந்தால், நான் இவளை மிக அன்பாக, என்றென்றும் அன்பாக நேசிப்பேன்.' முதல் விஷயம், அதில் 'முடிந்தால்' இருக்கிறது. இரண்டாவது, அவன் அதைச் சொல்வது ஹெலினாவிடம் இல்லை, அரசனிடம். இரண்டாம் அங்கத்தில் சம்மதித்ததும் அரசனிடம்தான். அரசன்கூட எல்லாம் நலம் என்று அடித்துச் சொல்வதில்லை. எல்லாம் நலமாகத் தெரிகிறது என்கிறான்.

அப்புறம் அவன் டயானா பக்கம் திரும்புகிறான். நீ இன்னும் கன்னிப்பெண் என்றால், உனக்குப் பிடித்த மாப்பிள்ளையைத் தேர்ந்தெடு, சீதனம் நான் தருகிறேன் என்கிறான். ஹெலினாவுக்குச் செய்த அதே உபகாரம், கிட்டத்தட்ட அதே சொற்கள். மேடையில் இந்த வரி வரும்போது சுற்றி நிற்கும் இளம் பிரபுக்கள் ஓரடி பின்வாங்குவது போல இயக்குநர்கள் காட்சி அமைத்தால் அரங்கம் சிரிக்காமல் இருக்காது.

கடைசியில் ஒரு சிறு பின்னுரை. அரசனாக நடித்தவர் முன்னால் வந்து, நாடகம் முடிந்தது, அரசன் இப்போது பிச்சைக்காரன் என்று சொல்லிக் கைதட்டலைக் கேட்கிறார். சற்று முன்பு டயானாவுக்குச் சீதனம் தருவதாகச் சொன்னவரும் அவரேதான்.